வராத நர்ஸுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்

என் சரோஜா அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. நல்ல சேதி ஒன்று கிடைத்ததும் எழுதலாம் என்று இத்தனை நாளும் காத்திருந்தேன். கிடைக்கவில்லை. அதனால் எரிச்சலோடேயே எழுதுகிறேன். என் எரிச்சல் உனக்குப் புதிதா என்ன?

முதலில் வீட்டுச் சேதி. எடமலைப்பட்டி புதூரில் உன் மாவுக் கடையை உன் மகள் நித்யா திறந்துவிட்டாள். அரைக்கும் பக்குவம் அவளுக்கு இன்னும் கைவரவில்லை. "அம்மா போட்ட மாவு மாதிரி இல்லையே" என்று வாங்குகிறவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே வாங்கியும் போகிறார்கள். நான் ஸ்ரீரங்கத்தில் அதே பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போய்வருகிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். கடையில் மாவு அள்ளிக்கொண்டிருந்த நீ அப்படியே சரிந்துவிட்டாய். நித்யா எனக்குப் போன் போட்டுவிட்டு, உன்னை ஆட்டோவில் ஏற்றிப் பாலக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, உன்னைத் தூக்கி உள்ளே படுக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்றைக்கு நியாயமாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஸ்கேனைக் கையில் வைத்திருந்தார். மூளையில் ரத்தம் கசிகிறது, இங்கே வசதியில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். நான் வெளியே ஓடி வேறு வண்டி பிடிக்கப் பார்த்தேன். கவுன்டரில் இருந்த பெண் தடுத்தாள்.

"வெளி வண்டியெல்லாம் உள்ள விட மாட்டாங்க சார். நம்ம ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்குது, அதுல போயிடுங்க."

"எவ்வளவும்மா?"

"எட்டாயிரத்து ஐந்நூறு. வண்டி, ஆக்சிஜன், கூட ஒரு நர்ஸ், எல்லாம் சேர்த்து."

ஏழெட்டு கிலோமீட்டருக்கு! அந்தக் காசுக்குச் சென்னைக்கே கார் வைத்துப் போய்வந்துவிடலாமே. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கத்தினேன். ரேட் எங்கே எழுதிப் போட்டிருக்கிறது, காட்டு என்றேன். மேனேஜரைக் கூப்பிடு என்றேன். அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். ஐயாயிரம் தருகிறேன் என்றேன். முடியாது என்றாள். ஐயாயிரத்து ஐந்நூறு என்றேன். நித்யா ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் ஏழாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நான் கிட்டே வந்ததும் குழறிக் குழறிச் சொன்னாய். "கேக்கறத குடுத்துடுடா கணேசா."

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் பேசவில்லை.

பணத்தை டிரைவரின் போன் நம்பருக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பணம் வந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் சாவியைப் போட்டார். நர்ஸ் எங்கே என்றேன். "ஏறுங்க சார், நேரமாவுது" என்றார். ஏறினேன். ஆக்சிஜன் மாஸ்க்கின் ரப்பர் தளர்ந்து போயிருந்தது. வழி முழுக்க அதை உன் மூக்கின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் உன் தலை ஆடாமல் இருக்க இன்னொரு கையைக் கொடுத்தேன். மேம்பாலத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் உறுதியா சொல்ல முடியாது சார்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது, நீயே சொல்.

காரியமெல்லாம் முடிந்ததும் நித்யா இன்ஷூரன்ஸுக்கு எழுதிப்போட்டாள். ஆம்புலன்ஸுக்கு இரண்டாயிரம் ரூபாய் வரைதான் தருவார்களாம். அதற்கும் வண்டி நம்பரோடு முறையான பில் வேண்டுமாம். எங்களிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. வண்டி நான்காயிரம், ஆக்சிஜன் ஆயிரத்து ஐந்நூறு, நர்ஸ் ஆயிரத்து ஐந்நூறு. பெயரும் இல்லை, நம்பரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

பில் கேட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே கவுன்டர், அதே பெண்.

"ஆம்புலன்ஸ் எங்களோடது இல்லையே சார். அது வெளி ஆளு. அவங்ககிட்டதான் கேக்கணும்."

"அன்னைக்கு நம்ம வண்டின்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொல்லலையே சார்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்து நின்றவரின் பைலை வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து நான் நடந்த நடை கொஞ்சமில்லை. பில் தராத ஆம்புலன்ஸை யார் கேட்பது என்று மனு எழுதினேன். ஓர் அலுவலகத்தில் வண்டி மட்டும்தான் எங்கள் பொறுப்பு, நோயாளி இல்லை என்றார்கள். இன்னொன்றில் நோயாளி எங்கள் பொறுப்பு, வண்டி இல்லை என்றார்கள். அப்படியென்றால் வண்டிக்குள் இருக்கும் நோயாளி யார் பொறுப்பு? கேட்டேன் அக்கா. "மனுவை வெச்சிட்டுப் போங்க சார்" என்றார்கள்.

பிறகு அந்த டிரைவரைத் தேடிப் பிடித்தேன். செல்வம் என்று பெயர். மணப்பாறைக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் பிடித்து வைத்துச் சண்டை போடலாம் என்றுதான் போனேன். அவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"ஏழாயிரத்துல எனக்கு அறுநூறுதான் சார். பாதிக்கு மேல ஆஸ்பத்திரிக்கே போயிடும். மிச்சம் ஓனருக்கு."

"நர்ஸ் காசு?"

"நர்ஸ் வர்றதே இல்ல சார். எழுதறது மட்டும்தான்."

"பணம் வராம வண்டிய எடுக்க மாட்டீங்களா?"

"எடுத்தா அந்தக் காசு என் சம்பளத்துல பிடிப்பாங்க. ஒரு தடவை பிடிச்சாங்க."

இதை எழுதிக் கொடுங்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பொண்ணுங்க சார் எனக்கு." நான் வற்புறுத்தவில்லை.

போன மாதம் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். நோட்டீஸ் போன நாலாம் நாள், மீட்டிங்கிலேயே இருக்கும் அந்த மேனேஜர் எனக்குப் போன் செய்தார். நித்யாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏசி அறை, காபி எல்லாம் கிடைத்தது. மேசையில் ஒரு கவர். ஏழாயிரம் முழுதாக இருக்கிறது, புகார் எதுவும் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பணம் வேண்டாம் சார். பில் குடுங்க. அன்னைக்குக் கூட வந்த நர்ஸ் பேரை அதுல எழுதிக் குடுங்க, போதும்."

"அப்படி யாரும் வரலையே சார், நான் எப்படிப் பேர் எழுதறது?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. நித்யா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கிட்டு விட்டுடலாம் மாமா, எனக்கு முடியல." அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். செய்தது சரிதானா என்று எனக்கே இரண்டு நாள் தூக்கமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வம் ஸ்ரீரங்கத்துக்கு என் வீடு தேடி வந்தார். டீக்கடையில் என்னோடு பேசியதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். வேலை போய்விட்டது. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும் சார். பேப்பர் இருந்தா குடுங்க, எழுதித் தர்றேன்."

வண்டி நம்பர், கிலோமீட்டர், வராத நர்ஸ், யாருக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நித்யாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். பிறகு, "விசாரணை என்னைக்கு மாமா? நானும் வரேன். கடைய ஒரு நாள் மூடிக்கலாம்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை விசாரணை. வக்கீல் நேற்று என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார். "நீங்க பேரம் பேசினத மட்டும் சொல்லாதீங்க சார். லேட் ஆனதுக்கு நீங்கதான் காரணம்னு திருப்பிடுவாங்க."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி நீ கேட்டுக்கொண்டிருந்ததை நான் எப்படி மறைப்பது? உடம்பு முடியாத ஒருத்தியை வாசலில் போட்டுவிட்டுப் பேரம் பேச வைப்பதுதானே அவர்கள் தொழில்? அதில் நானும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக இருபது நிமிடம் நின்றேன்.

அதனால் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா. புதன்கிழமை கூண்டில் ஏறியதும் முதலில் இதைத்தான் சொல்வேன். நானும் பேரம் பேசினேன், எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். அதற்குப் பிறகு அவர்களைக் கேட்பேன்.

உன் கூடப்பிறந்தவன்,
கணேசன்