இறங்காத கை

கண்ணுக்குள் நடந்துகொண்டே இருக்கும் என் அப்பாவுக்கு,

இன்றும் பஸ்ஸில் கண் அசந்ததும் வந்துவிட்டாய். குத்தாலம் தாண்டினால் ஜன்னல் முழுக்கத் தண்ணீர் கட்டிய வயல். அதன்மேல் கால் நனையாமல் நடந்து வருகிறாய், வலது கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டியபடி. "இறக்குப்பா" என்கிறேன். சிரிக்கிறாய். அதற்குள் கண்டக்டர் எழுப்பிவிடுகிறார்.

நினைவிருக்கிறதா? நான் பிசியோதெரபி படித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. தோள் குடைகிறது என்று வந்தாய். தோளைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, வலு அளக்கும் கருவியை மணிக்கட்டுக்கு மேலே வைத்து அழுத்தினேன். கை அசையவே இல்லை. "இன்னும் அழுத்து பாப்பா" என்றாய். கருவி காட்டிய எண்ணைப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஒரே ஒரு தடவைதான் அளந்தேன். "கல்லு மாதிரி இருக்குப்பா, வேலைக்குப் போ" என்று நானே அனுப்பினேன்.

அந்த அறுவடையில், நெல்மூட்டையைத் தூக்கும்போது நார் முழுதாக அறுந்தது. கடைசிவரை உனக்குச் சட்டை மாட்டிவிட அம்மா வேண்டியிருந்தது.

உன் பதினாறாம் நாள் முடிந்து அம்மா சொன்னாள். கூலி உயர்வு கேட்டு ஊரே கொடி பிடித்து நின்ற வருஷம், அடிதடியில் உன் தோளில் கம்பு விழுந்ததாம். சண்டை ஓய்ந்து வேலைக்குப் போனவர்களைப் பண்ணைக் காரியக்காரர் களத்தில் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்தாராம்.

"கோட்டையில ஆட்சி மாறுச்சு, களத்துல மாறலடி. கை எறங்குனா வேல இல்ல. உங்கப்பா எறக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து செவுத்துல சாஞ்சு அழுதாரு. நீ அழுத்துனப்பவும் அதத்தான் பண்ணிருப்பாரு."

பெற்ற மகள் அழுத்தும்போதுமா அப்பா? என்னிடமுமா? உன்மேல் கோபமாக வருகிறது. அதைவிட என்மேல். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டேனா நான்?

இன்று சீர்காழிப் பக்கமிருந்து நடவு வேலை செய்யும் ஒரு அக்கா தோள்வலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கிப் பிடித்தார். எண் பிரமாதம். கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வலிக்குதாக்கா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு."

"இங்க எழுதுறது யாருக்கும் போகாதுக்கா. இத வச்சு யாரும் உங்கள வேலையவிட்டு நிறுத்த முடியாது."

மெல்லக் கையை இறக்கினார். "உசுரு போவுதுங்க" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். வலி தாங்கும் அளவுக்கு மட்டும் எதிர்த்துத் தள்ளச் சொல்லி, இடைவெளி விட்டு மூன்று முறை அளந்தேன். என் எண்களைக் காட்டாமல், கூட வேலை செய்யும் ஃபரீதாவையும் அளக்கச் சொன்னேன். இருவருக்கும் ஒத்து வந்தது. முதல் எண்ணில் பாதிகூட இல்லை. ஸ்கேனில் சின்னக் கிழிசல்தான். அவர் கை பிழைத்துவிடும் அப்பா.

ஒரு வாக்குத் தருகிறேன். எந்தக் கையைத் தொடும் முன்பும் அந்தக் கேள்வியைக் கேட்பேன். வலியைப் பயமில்லாமல் சொல்லும்வரை கருவியை எடுக்க மாட்டேன்.

நாளைக்கும் பஸ்ஸில் வா. பக்கத்து சீட்டில் பையைப் போட்டு வைக்கிறேன். உட்கார்ந்து, கையை இறக்கி என் மடியில் வைத்துக்கொள். காரியக்காரர் போய்விட்டார் அப்பா.

உன்னை ஒரே தடவை அளந்த மகள்,
செல்வி