மூக்குத்தி வைரத்துக்கு எது சரியான அளவு?

அன்பு நானா, நீங்கள் உறங்கும் கப்ரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுவாரமே மாமா வந்தார். வைரம் தீட்டும் இயந்திரத்தைக் கண்டியில் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். எட்டு வருஷமாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கற்களைத் தீட்டியவள் தங்கச்சி நான் என்பது மாத்தளையில் யாருக்கும் தெரியாது. நீங்களாவது நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா?

ரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லெட்சுமி அக்காவின் மூக்குத்தி வைரம் அப்படியே உங்கள் மேசையில் கிடந்தது. அவருடைய அம்மா போட்டிருந்த கல், ஓரம் உடைந்தது. அதற்காக ஒரு வாரம் சண்டை பிடித்தோமே! உடைந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு அகலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றீர்கள். சுற்றளவைக் குறைத்து அடிப்பாகத்தைச் சரிவாக்கினால்தான் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வரும், இல்லாவிட்டால் நடுவில் இருட்டு விழும் என்றேன் நான். நமக்குக் கல் தரும் கொழும்பு முதலாளி உங்கள் பக்கம். நீங்களே வாங்கி வந்த இங்கிலீஷ் புத்தகம் என் பக்கம்.

"புத்தகம் எழுதினவன் மூக்குத்தி போட்ட பொம்பிளையப் பாத்தீப்பானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள். அதற்கு என் பதிலைக் கேட்க நீங்கள் உயிரோடு இருக்கவில்லை.

பிறகு லெட்சுமி அக்கா வந்தார். அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல் ஏறிக் குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடுகிறார்களாம். தீட்ட ஆளில்லையென்றால் கல்லை அப்படியே தந்துவிடுங்கள் என்றார். பத்து நாள் கேட்டேன். சரி என்றார்.

என் அளவில் ஒரு கண்ணாடிக் கல் தீட்டி, மூக்குத்தி செய்யும் இரத்தினம் பத்தரிடம் எடுத்துப் போனேன். கல் பதிக்கும் மூக்குத்திக் கிண்ணத்தில் அது உட்காரவே இல்லை. அவர் சிரிக்காமல்தான் சொன்னார்:

"இவ்வளவு ஒசரத்துக்கு வச்சா மூக்குல வண்டு ஒக்காந்த மாதிரி இருக்கும் தங்கச்சி. இதுக்குத்தான் ஒங்க நானாவும் ஒரு கண்ணாடிக் கல்லு கொண்டாந்து வச்சுப் பாத்தாரு."

எனக்குக் கோபம் வந்தது, நானா. இந்தக் காரணத்தை என்னிடம் சொல்லவிடாமல் உங்களை எது தடுத்தது?

உங்கள் கண்ணாடிக் கல்லையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கிண்ணத்தில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் நடுவில், நான் சொன்ன அதே இருட்டு. நீங்களும் தப்பு, நானும் தப்பு.

மூன்று நாள் கணக்குப் போட்டேன். அடிச்சரிவு என் அளவு. மேல்பாகத்தின் உயரத்தைப் புத்தகம் சொன்னதைவிடக் குறைத்து, மேல்முகத்தைக் கொஞ்சம் அகலமாக விடுவது. அப்படிச் செய்தாலும் கல் சின்னதாகும். சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. பஸ் ஏறிப் போய் லெட்சுமி அக்காவிடம் கேட்டேன்.

"ஒரு வாட்டி கொறைச்சிட்டா திருப்பி ஒட்ட ஏலாது அக்கா. நீங்களே முடிவ செல்லுங்க."

அவர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். "எங்கம்மா அத கழட்டினதே இல்ல. அந்தக் கரையில போயி நான் போட்டுக்கிட்டு நிக்கணும். பாத்து செய்யுங்க, தங்கச்சி."

வெளிநாட்டுச் சாமான் வராத காலம். தீட்டுவதற்கான வைரத்தூள் ஒரு சிமிழ்தான் மிச்சம். பிழையாகிப்போனால் இன்னொரு தடவை தீட்ட வழியில்லை. ஒன்பதாம் நாள் கல் முடிந்தது.

பத்தர் பதித்ததும் லெட்சுமி அக்கா அங்கேயே போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார். எதிர்ப் பக்கம் நின்ற அவருடைய புருஷன் ரோட்டைத் தாண்டி வந்து உற்றுப் பார்த்தார். "அம்மா போட்டிருந்தப்பகூட இப்படி மின்னலையே" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை அவர்கள் ரயிலேறிவிட்டார்கள்.

நேற்று கொழும்பு முதலாளி வந்து, இனி யார் தீட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். தயங்கினார், ஆனாலும் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மேல்முகம் அகலமாக வேண்டுமாம். எந்த நகைக்கு என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை தொடமாட்டேன்.

நானா, வாக்குத் தருகிறேன். இந்தச் சக்கரம் நிற்காது. புத்தகம் சொன்னது என்பதற்காகவோ, நீங்கள் சொன்னது என்பதற்காகவோ ஒரு கல்லையும் தீட்டமாட்டேன். எனக்குத் தெரிந்த காரணத்தை யாரிடமும் ஒளிக்கவும் மாட்டேன்.

உங்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கும்,
உங்கள் ஒரே தங்கச்சி
நபீஸா,
மாத்தளை.