பதிவேட்டில் நான் அடித்த பெயர்

நேற்றுக் காலை, திருப்பதியில் நான் வாரம் இருமுறை போகும் முதியோர் பயிற்சிக் கூடத்தில், ஒரு பெண் என் வலது கையில் ஈரமான கேழ்வரகு மாவை உருட்டி வைத்தாள். "பிசகண்டி அம்மா, பிசகண்டி" என்று தெலுங்கில் பிசையச் சொன்னாள். மூன்று மாதமாக அந்தக் கை என் பேச்சைக் கேட்பதில்லை. மாவின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் பிசையவில்லை. தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

'நீங்கள்' என்று எழுதுகிறேன். அன்று, நகரியில், உங்களை நான் அப்படி அழைத்ததில்லை. என் அம்மாவைவிட மூத்தவர் நீங்கள்; ஆனால் "இங்க வா", "அங்க உட்காரு" என்றுதான் சொன்னேன். சித்தூர் கான்வென்ட்டில் படித்தவள், டாக்டரின் மனைவி, மாதர் சங்கத்தின் செயலாளர். இருபத்தாறு வயதில் தலை நிமிர்ந்து நடக்க அது போதுமானதாக இருந்தது.

நகரியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், புதன்கிழமைதோறும் கூடுவோம். வேலூரில் பயின்ற நர்ஸ் ஒருத்தி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எளிமையானது: பக்கவாதம் வந்த கைக்கு அன்றாட வேலைதான் மருந்து. ஈரத்துணி பிழிவது, மாவு பிசைவது, புளியங்கொட்டை பொறுக்குவது. இனி யாரும் கூலிக்குக் கூப்பிடாத கிழவர்களும் கிழவிகளும் இருபது பேர் வருவார்கள். முடிந்ததும் மோர் குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். பதிவேடு என் பொறுப்பு.

நீங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். ஆயுசு முழுக்கக் கழனியில் நாற்று நட்ட கை. அது விழுந்ததிலிருந்து மருமகள்தான் ஊட்டிவிட்டாள். முதல் நாளே சொன்னீர்கள்: "அவ நல்லவதாம்மா. ஆனா கொயந்தைக்குச் சொல்றாப்பல 'ஆ' காட்டுன்றா. ஆடிக்கிருத்திகைக்குள்ள என் சோத்த நானே பெசஞ்சி துன்னணும். அவ்ளோதான் எனக்கு."

நான் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக வரிசை பிசகாமல் வைக்கச் சொல்வேன். "இன்னா டீச்சரம்மா, கை வர்றதுக்கா, கணக்கு வர்றதுக்கா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் வைத்த வரிசையைக் கலைத்து, மறுபடி வைக்கச் சொன்னேன்.

ஆனாலும் கை வந்தது. தை மாதத்தில் மூன்று விரல்கள் மடங்கி விரிந்தன. பங்குனியில் ஒருநாள் சோற்று உருண்டையைத் தூக்கினீர்கள். வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது. "இன்னும் இவ்ளோதான் கீது!" என்று கொட்டகை முழுவதற்கும் காட்டினீர்கள்.

அறுபதாம் வருஷம், அந்தப் பங்குனியிலேயே ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரிந்தது. சத்தியவேடு இங்கே, ஆந்திராவுக்கு வந்தது. திருத்தணியும் உங்கள் ஊரும் மெட்ராஸ் பக்கம் போயின. அடுத்த புதனன்று நீங்கள் வழக்கம்போல் வந்து மேசை முன் நின்றீர்கள்.

"உங்க ஊரு இப்ப மெட்ராஸ் ராஜ்யம். இது ஆந்திராக்காரங்களுக்கு. நீ இனி உங்க பக்கத்துல பாத்துக்கோ" என்றேன்.

"நான் எங்கம்மா போனேன்? அதே ஊடு, அதே பஸ்ஸு, அதே கண்டக்டரு. கோடு ஊருக்குப் போட்டாங்களா, என் கைக்குப் போட்டாங்களா?"

மறுபடியும் சிரிப்பு. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள்கூடச் சிரித்தாள். நான் ஸ்கேலை வைத்து, சிவப்பு மையால் உங்கள் பெயரை அடித்தேன். கோடு நேராக விழுந்ததா என்று பார்த்தேன்.

அதற்கடுத்த புதனும் வந்தீர்கள். அன்று நீங்கள் எதுவும் கிண்டல் பேசவில்லை. "ஆடி வரிக்கும் உடும்மா" என்று மட்டும் கேட்டீர்கள். எழுத்தில் தெரிவிக்கிறேன் என்று திருப்பி அனுப்பினேன். தெரிவித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத உங்களுக்கு, இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலத்தில்.

அப்படி ஒரு சட்டம் எங்கும் இருக்கவில்லை. மேலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. சங்கத்தில் யாரும் கேட்கவும் இல்லை. புது எல்லை, நாம்தான் முந்திக்கொண்டு ஒழுங்கு செய்தோம் என்று வெகுகாலம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையில்லை. அந்தச் சிரிப்பை நிறுத்தவேண்டியிருந்தது எனக்கு. அதற்கு எல்லை வசதியாகக் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து என் கணவருக்குச் சித்தூருக்கு மாற்றலானது. கிளம்பும் முன் உங்கள் ஊருக்கு வந்தேன். நீங்கள் இல்லை. போன தையிலேயே போய்விட்டீர்களாம்.

"நீங்கதானா அந்த நகரி அம்மா?" என்று உங்கள் மருமகள் பாய் விரித்தாள். "கடுதாசிய வாத்தியாரு படிச்சிச் சொன்னாரு. அத்தயோட கை பழையபடி மடங்கிப் போச்சி. ஆனா அதுக்கப்புறம் என்னை ஊட்ட உடல. செவுத்தப் பாத்துக்கினு இடது கையால துன்னுவாங்க. முடிக்கற வரிக்கும் யாரும் எதிர்ல வரக்கூடாது."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சட்டம் அப்படிம்மா" என்றேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. கண்டிப்பானவள் என்று கடைசிவரை என்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டே போனார்.

இப்போது என் மகள் தட்டோடு வந்து எதிரே உட்காருகிறாள். வாயைத் திறக்கிறேன். இடது கையால் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். உங்களிடமிருந்து அதையும் எடுத்துக்கொள்ளக் கூசுகிறது. அவள் தலைக்குப் பின்னால், முதுகைக் காட்டியபடி நீங்கள் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் உங்களைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் திரும்புவீர்கள். என் முகத்தைப் பார்ப்பீர்கள்.