மஞ்சள் போட்ட கடலைச் சட்னி

நவம்பர் 18, 2015
வடலூர் வழியாக பஸ் விட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெள்ளத்தால் பல்கலைக்கழகம் மூடியிருக்கிறது. அம்மாவின் மெஸ்ஸில் எப்போதும்போல் நிலக்கரி மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆட்கள். "எம்பொண்ணு பூசண விஷத்துக்கு மருந்து கண்டுபுடிக்கறா" என்று பரிமாறிக்கொண்டே சொல்கிறாள். கூச்சம். பிடித்தும் இருந்தது.

நவம்பர் 19
கடலைச் சட்னி மஞ்சளாக இருந்தது, லேசான கசப்பு. ஸ்டோர் அறையில் போய்ப் பார்த்தேன். வேர்க்கடலை மூட்டை நனைந்து, பருப்பெல்லாம் பச்சைப் பூசணம்.

"கெட்டதப் பொறுக்கிப் போட்டுட்டு, வறுத்துத்தான் அரைக்கறேன். மஞ்சத்தூளும் கூடப் போட்டுக்கினு வரேன். மஞ்ச ஈரல காப்பாத்தும்னு நீதான சொன்ன?" என்றாள் அம்மா.

சொன்னேன். ஆயுத பூஜைக்கு வந்தபோது. எங்கள் ஆய்வில் பூசண விஷத்தோடு மஞ்சள் சத்தும் கொடுத்த எலிகளுக்கு ஈரல் அவ்வளவாகக் கெடவில்லை என்று.

"அதுக்குன்னு விஷத்தையே போடுவியாம்மா? வறுத்தாலும் அது போவாது!"

"இந்த மழையில காய் எங்கடி கெடைக்குது?"

நவம்பர் 20
சிங்காரவேல் அண்ணனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது, ஓயாத வாந்தி. மூன்று வேளையும் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர். கடலையாலா? வெள்ளத் தண்ணீராலா? அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 21
காலையில் அம்மா மறுபடி கடலையை எடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எலி பொழச்சிதுன்னியே?"

"எல்லாம் பொழைக்கலம்மா. பொழச்சதுக்கும் ஈரல்ல புண்ணு இருந்துது. மஞ்ச பாதிப்பக் கொறைக்கும், அவ்ளோதான். அத நான் ஒங்கிட்ட சொல்லல."

"ஏண்டி சொல்லல?"

ஏன்? அன்று அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் — அதனால்தான்.

நவம்பர் 22
அம்மா மூட்டையைக் குழிதோண்டிப் புதைத்தாள். மாட்டுக்குக் கேட்டவர்களுக்கும் தரவில்லை.

நவம்பர் 25
சிங்காரவேல் அண்ணனுக்கு வந்தது தண்ணீரால் வந்த மஞ்சள்காமாலைதானாம். ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். அப்பாடா என்றிருந்தது. உடனே பயம் — அம்மா 'பாத்தியா' என்பாளோ?

"அப்ப கடல ஒண்ணும் பண்ணாதா?"

"அது மெதுவாத்தான் பண்ணும்மா. இப்ப தெரியாது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு பந்திக்கு நடுவே போய், "கெட்ட கடலையத்தான் இத்தினி நாளா அரைச்சிப் போட்டேங்க. தெரியாமப் பண்ணிட்டேன். ஒடம்புக்கு ஏதாச்சும்னா சொல்லுங்க, நானே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்" என்றாள். இரண்டு பேர் பாதியில் எழுந்து கை கழுவினார்கள்.

நவம்பர் 26
பந்தியில் பாதி காலி. அம்மா எல்லாருக்கும் சேர்த்துத்தான் இட்லி ஊற்றியிருந்தாள்.