பின்னால் போகாத ஒன்பதாம் வண்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

மன்னித்துக்கொள் இம் குட்டி, இன்றைக்கும் பன்னிரண்டு மணிக்கு மேல் விளக்கைப் போட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாய். எழுதாமல் படுத்தால் உன் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

கோல்ஃப் மைதானத்து ஒன்பதாம் வண்டி இன்றைக்கும் மானத்தை வாங்கியது. விசையை ரிவர்ஸுக்குத் தள்ளினேன். பீப் பீப் என்று ஒழுங்காகச் சத்தம் வந்தது. மிதித்தால் வண்டி முன்னால் பாய்கிறது. பக்கத்தில் இருந்த கொரிய ஆட்டக்காரர் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். மாலையில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இது இரண்டாவது. மூன்றாவது வந்தால் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கைக்குழந்தைக்காரிக்கு இந்தக் கடற்கரையில் வேறு யார் வேலை தருவார்கள்?

யாருக்கு எந்த வண்டி என்று மாதம் பிறந்ததும் முடிவு செய்வது சோம் அக்கா. பத்தொன்பது வருடமாக இந்தப் புல்வெளியில் மட்டைப் பை தூக்குகிறவள், எங்கள் அறுபது பெண்களுக்கும் தலைவி. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"ஏண்டி பட்டதாரி, முன்னாடி எது பின்னாடி எதுன்னு காலேஜ்ல சொல்லித்தரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மெக்கானிக் மானோப் அண்ணன் இரண்டு மணிக்குத்தான் வந்தார். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தார். பத்துத் தடவையும் வண்டி நல்ல பிள்ளையாகப் பின்னால் போனது.

"பாரு தங்கச்சி, பேட்டரி நல்லாருக்கு. ஒயர் இறுக்கமா இருக்கு. கோளாறு சீட்டுக்குக் கீழ இல்ல, சீட்டுக்கு மேலதான்."

விசைப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்றேன்.

"நாலு ஸ்க்ரூ கழட்டணும். ஓடுற வண்டியை எதுக்குக் கழட்டுறது?"

நான் குறித்து வைத்திருக்கிறேன். காலை ஆறரை, கோளாறு. ஏழே கால், கோளாறு. ஒன்பது, ஒரு தடவை சரி, ஒரு தடவை கோளாறு. பதினொன்றுக்கு மேல் எதுவுமே இல்லை. ஏன் காலையில் மட்டும்? பனியா? பனி என்றால் பக்கத்தில் நிற்கிற எட்டும் பத்தும் ஏன் ஒழுங்காக ஓடுகின்றன? வேதியியல் பட்டத்துக்கு இதற்கு மேல் ஓடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒருவேளை வண்டிக்குக் காவல் தெய்வமான யாநாங் தாய்க்கு என் மேல் கோபமோ? ஒவ்வொரு வண்டியிலும் ஒருத்தி குடியிருக்கிறாள். ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் மல்லிகை மாலை போடத்தான் செய்கிறேன். எல்லோரும் கூரைக் கொக்கியில் மாட்டுகிறார்கள். என் வண்டியில் கொக்கி ஒடிந்துபோனதால் விசைக் குமிழில் மாட்டுகிறேன். அது மரியாதைக் குறைவோ?

நாளையிலிருந்து பெரிய மாலை.

பிப்ரவரி 8, சனி

பெரிய மாலை. காலையில் நான்கு தடவை முன்னால் பாய்ந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சோம் அக்கா இன்று எல்லோர் முன்னாலும் என் மாலையை அறுத்தாள்.

"வண்டியா இது, கல்யாண வீடா? உக்காந்தவர் கால்சட்டை நனைஞ்சு போய் என்னைக் கேக்குறாரு." ஒரே இழுப்பு. குப்பைக் கூடையில் போட்டாள்.

 எங்களில் யாரும் கனவில்கூடச் செய்யாத காரியம். நான்தான் மெதுவாகச் சொன்னேன், "தாய் பாத்துக்கிட்டிருக்கா அக்கா."

"பாக்கட்டும். பாத்துட்டு, உனக்கு ரிவர்ஸ் போடக் கத்துக்குடுக்கட்டும்."

பிறகு குழந்தையைப் பற்றிப் பேசினாள். அப்பன் ஓடிப்போன பிள்ளை என்று. மற்றதை இங்கே எழுத மாட்டேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வண்டி முன்னால் மண்டியிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. இவள் நடமாட்டம் இல்லாமல் பண்ணு தாயே, கொஞ்ச நாளாவது பண்ணு.

எழுதியாகிவிட்டது. அடித்து அழிக்க மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பரிகாரமாக இரண்டு மாலை. சந்தைக்காரி கிணற்றுத் தண்ணீர் வாளியிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்தாள். சொட்டச் சொட்ட மாட்டினேன்.

வண்டி கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றது. சுவரலமாரியில் சோம் அக்கா துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். நான் ரிவர்ஸ் தள்ளினேன். பீப் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எங்களில் எவளும் திரும்பிப் பார்க்க மாட்டாள், வண்டி விலகிப் போகிறது என்றுதானே அர்த்தம். அவளும் திரும்பவில்லை. பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மிதித்தேன்.

அவளுடைய வலது முட்டி. சுவருக்கும் இரும்புக்கும் நடுவில். வண்டி பீப் பீப் என்றே கத்திக்கொண்டிருந்தது— நான் மிதியிலிருந்து காலை எடுத்தேனா? எப்போது எடுத்தேன்? தெரியல. சத்தியமா தெரியல.

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை போய்விடும் என்று சீருடையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. மேனேஜர்கூட அந்த வண்டியைத் தொடப் பயப்படுகிறார். "மாலையை அறுத்தா, மறுநாளே கால் போச்சு," என்கிறார்கள். நேற்று வரை என்னோடு உட்காராதவர்கள் இன்று ஒட்டரிசிச் சோறும் சுட்ட பன்றி இறைச்சியும் நகர்த்தி வைத்தார்கள்.

"உன் வண்டித் தாய் பொல்லாதவடி. எங்களையும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லு."

சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

இப்போதுதான் மானோப் அண்ணனுக்கு நான்கு ஸ்க்ரூவைக் கழற்ற நேரம் கிடைத்தது. கூடவே நின்றேன்.

உள்ளே எல்லாம் பச்சை. செம்புத் தகடுகளில் பாசி மாதிரி உப்புப் பூத்து, ரிவர்ஸ் முனை பாதி அரித்துப் போயிருந்தது. முன்பக்க முனை மட்டும் ஈரம் காயும் வரை உப்பு வழியாகத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பீப் சத்தத்துக்கு ஒயர் தனி. செம்பு, கிணற்று உப்புத் தண்ணீர், மின்சாரம். இரண்டாம் ஆண்டுப் பாடம். தேர்வில் எழுதித் தொண்ணூறு வாங்கினேன்.

மல்லிகை மாலையிலிருந்து தண்ணீர் குமிழ் வழியாக உள்ளே சொட்டியிருக்கிறது. பதினொரு மணிக்குக் காய்ந்திருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் நானே ஊற்றியிருக்கிறேன். கோபம் தணியட்டும் என்று இன்னும் அதிகமாக ஊற்றியிருக்கிறேன்.

பெட்டி மூலையில் பழுப்பேறிய மல்லிகை இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணன் ஸ்பானர் எடுக்கத் திரும்பினார். நான் அதை நகத்தால் சுரண்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"கடல் காத்துதான்," என்று சொல்லிப் பழைய விசையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினார்.

ஆமாம் அண்ணே என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சோம் அக்காவின் கால் இனி மடங்காதாம். மண்டியிட முடியாது, புல்வெளியில் நடக்கவும் முடியாது. யாருக்கு எந்த வண்டி என்ற பட்டியலை அடுத்த மாதத்துக்கு என்னைப் போடச் சொன்னார் மேனேஜர். படித்தவளாம்.

மூன்றாவது புகார் வரவே இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து சோம் அக்காவின் குரல் போனில் வந்தது. பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். அந்தக் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"நிட்டு, நாந்தான். உன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நான் செஞ்ச பாவம், நான் அனுபவிக்கிறேன். எனக்கு மண்டி போட முடியாது. என் பேரைச் சொல்லி அந்த வண்டிக்குத் தினமும் ஒரு மாலை போடுறியா? நீ கேட்டா அவ கேப்பா. காலு திரும்பி வந்துரும்."

ஏழு தடவை கேட்டேன். சொல்லிவிடலாம். ஒரு வரிதான். சொன்னால் சீருடை போகும். இம், உன் பால் போகும். சொல்லாவிட்டால் அவள் சாகும் வரை தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பாள்.

காலையில் கூரைக்குப் புதுக் கொக்கி போடச் சொன்னேன். மாலையை நன்றாக உதறி, துண்டில் ஒற்றி, ஈரம் போன பிறகு மாட்டினேன். அவள் பெயரைச் சொன்னேன். படம் எடுத்து அனுப்பினேன். கீழே எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"அக்கா, மாலை போட்டுட்டேன். தினமும் போடுறேன். வண்டி இப்ப நல்லா ஓடுது. கால் எப்படி இருக்குன்னு சீக்கிரம் பதில் போடுங்க."