வீட்டில் வேண்டாம் என்ற துவக்கு

சனி, இரவு.

வெடிச்சத்தத்துக்குக் கண்ணை மூடும் நான் இன்று ஏன் மூடவில்லை? தெரியவில்லை.

குழல்வாயால் வெடிமருந்தும் குண்டும் இடித்துச் சுடும் கணவரின் பெரிய துவக்கு வீட்டில் வேண்டாம் என்றிருந்தேன். "ஒருக்கால் சுட்டுப் பாரும். பிறகும் வேண்டாமெண்டால் விக்கிறன், வாங்க ஒராள் கேட்டவர்" என்றார் அவர்.

ஒஷாவா நகருக்கு அப்பால் சுடுதளம். மேசையில் துவக்கோடு குனிந்தேன்.

"நிமிர்ந்து இரும். குனிஞ்சால் தோளெலும்புதான் அடி வாங்கும்."

"உது என்ன, யானை சுடவோ?"

"கடதாசி சுடத்தான். விரலால் மெல்ல இழும்."

குழல் மணல்பையில் கிடந்தது. இழுத்தேன். உடம்பு முழுவதும் ஊஞ்சல்போலப் பின்னால் போய் வந்தது. அவ்வளவு பெரிய உதைப்பு தோளில் வலிக்காமல் இறங்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். புகை விலகியபோது கடதாசி வட்டத்தின் நடுவில் பெருவிரல் அளவு ஓட்டை.

ஞாயிறு.

துவக்குக் கேட்டவர் போன் எடுத்துக் கேட்டார். "அதை நாங்கள் விக்கேல்லை" என்று நானே சொன்னேன்.