வாங்கில் உறங்கியவனைப் பற்றி நான் எழுதியது

நேற்று மகள் தன் கல்லூரி ஆண்டுமலரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. 'எங்கள் கல்லூரியில் எத்தனை வகை மாணவர்' என்று அதில் ஒரு பக்கம். ஊர் ஊராக ஒரு கேலி. வாசித்துக்காட்டிச் சிரித்தவள், "அப்பா, இதெல்லாம் உண்மையோ?" என்று கேட்டாள். "பாதி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். மற்றப் பாதியை என்னோடு படித்த உன்னோடுதான் பேச முடியும். நீ போய் எட்டு மாதமாகிறது.

நம்முடையதும் ஒரு கல்லூரி என்பதற்கு வாசலில் தொங்கிய பலகைதான் சாட்சி. கடற்கரையோரம் ஒரு வாடகை வீடு, நாற்பது மாணவர், நான்கு ஆசிரியர். யுத்தம் வந்து துறைமுகம் நிறையக் கப்பல்கள் நின்ற காலம். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவனுக்குக் கடற்படை அலுவலகத்தில் வேலை கிடைக்கும் என்ற பேச்சில்தான் எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தோம். நீ தம்பலகாமத்திலிருந்து காலை ரயிலில் வருவாய். நான் நகரத்துப் பிள்ளை, நடந்து வருவேன். முதல் நாளே ஒரு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

நம் கையெழுத்துச் சஞ்சிகைக்கு அந்தக் கட்டுரையை எழுதியவன் நான்தான். "கிண்ணியாக்காரர் தோணியால் இறங்குமுன்பே பென்சிலுக்கு விலை பேசிவிடுவார்கள். நகரத்தார் ஆங்கிலம் பேசுவார்கள், விளங்கிக்கொள்வது கேட்பவர் பாடு. தம்பலகாமத்தார் ரயிலால் இறங்கி வந்து வாங்கில் ஏறிப் படுப்பார்கள், மணி அடித்தால்தான் இறங்குவார்கள்." தம்பலகாமத்திலிருந்து வந்தவன் நீ ஒருவன்தான். கணக்குப் பாடத்தில் உன் தலை மேசையில் சாய்வதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

சஞ்சிகைத் தாள்களை ஒட்டிவைத்த பலகையின் முன் நின்று நீ அதை முழுவதும் வாசித்தாய். பிறகு என்னிடம் வந்து, "வடிவா எழுதியிருக்கிறாய். ரெண்டு இடத்தில ஒற்று விட்டிட்டாய்" என்றாய். நான் பெரிதாகச் சிரித்தேன். நீயும் சிரித்ததாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், சிரித்தாயா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் கடற்படை அலுவலகத்தார் எழுதுவினைஞர் வேலைக்கு இரண்டு பேரைக் கேட்டார்கள். ஆங்கிலக் கடிதத்தில் உன்னை மிஞ்ச எவரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கல்லூரி அதிபர் என் பெயரையும் வேறொரு நகரத்துப் பிள்ளையின் பெயரையும் கொடுத்தார். நான் அவருடைய அறைக்குப் போய் உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"அவன் நல்ல பிள்ளைதான்" என்றார். "ஆனா நீயே எழுதினாய்தானே. அங்க போய் வேலை நேரத்தில படுத்தானெண்டால் கல்லூரிக்குத்தான் கெட்ட பேர்."

அது விளையாட்டுக்கு எழுதியது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என் பெயரை வெட்டிவிட்டு உன் பெயரை எழுதிவிடுவாரோ என்று பயந்தேன். உன்னிடமும் மறைத்தேன்.

நான் வேலைக்குச் சேருமுன்பே யப்பான்காரனின் விமானங்கள் வந்துவிட்டன. காலை நேரம். சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வீடு குலுங்கி, அலுமாரிக் கண்ணாடி உடைந்து விழுந்தது. அம்மா தங்கச்சியை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போனார். சத்தம் ஓய்ந்து வெளியே வந்தபோது எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் வானம் கறுத்திருந்தது. ஊரே கண்டி வீதியில் இறங்கி நடந்தது. பாலையூற்றைத் தாண்டியதும் அப்பா கேட்டார், "எங்க போறதடா?" எனக்கு உன் ஊரின் பெயர் மட்டும்தான் வாயில் வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் உன் வீட்டு வாசலில் நின்றோம். உன் அம்மா எங்களை எதுவும் கேட்கவில்லை. "முதல்ல கால் கழுவுங்கோ" என்றார். சோறும் எருமைத் தயிரும் தந்தார். நீ உன் பாயை என் அப்பாவுக்கு விரித்தாய். மூன்று கிழமை அங்கே இருந்தோம்.

விடியமுன் எழும்பி எருமைகளை அவிழ்த்துக்கொண்டு நீ வயலுக்குப் போவதைப் பார்த்தேன். முழங்கால் சேற்றில் நீ உழைப்பதைப் பார்க்கப் பார்க்க என் நெஞ்சு உறுத்தியது. ஒரு நாள் வரம்பில் உட்கார்ந்து கேட்டேன்.

"ராவில வயலுக்கு யானைக் காவலுக்குப் போய் முழிச்சிருந்துதானே நீ வகுப்பில நித்திரை கொண்டனி?"

நீ என்னை விசித்திரமாகப் பார்த்தாய். "காவலுக்கு அண்ணன் போறவர். நான் வீட்டில நல்லா நித்திரை கொள்ளுறனான்."

"அப்ப ஏன்?"

"கணக்குப் பாடம் எண்டால் எனக்கு நித்திரை வரும். வேற ஒண்டுமில்லை."

நான் முதலில் உன்னைச் சோம்பேறி ஆக்கினேன், பிறகு தியாகி ஆக்கப் பார்த்தேன். நீ இரண்டுமாக இருக்கவில்லை. அந்த வரம்பிலேயே அதிபர் சொன்னதையும் நான் பேசாமல் நின்றதையும் சொல்லிவிட்டேன்.

காலிலிருந்த சேற்றை வழித்தாய். "எழுத முந்தி என்னை ஒரு சொல்லு கேட்டிருக்கலாம்" என்றாய். பிறகு, "எனக்கும் அந்த வேலை தேவைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது உன் கையால்தான் எனக்குத் தயிர் வந்தது.

மூன்றாம் நாள் நான் தனியே நகரத்துக்குப் போனேன். கல்லூரி பூட்டிக் கிடந்தது. அதிபர் யாழ்ப்பாணம் போய்விட்டாராம். நேரே கடற்படை அலுவலகத்துக்குப் போய்த் தலைமை எழுதுவினைஞரிடம், "என்னைவிட நல்லா எழுதுற ஒருத்தர் இருக்கிறார். ஒரு இடம்தான் எண்டால் அவருக்குக் குடுங்கோ" என்றேன். அவர் வெறுமையாய்க் கிடந்த கதிரைகளைக் காட்டினார். "பாதிப் பேர் ஓடிட்டினம் தம்பி. ரெண்டு பேரும் திங்கட்கிழமை வாங்கோ."

யுத்தம் முடியும்வரை ஒரே மேசையில் இருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், கையில் பேனாவோடு, நீ உறங்குவாய். அதைப் பார்த்து நான் சிரித்தால் கண்ணைத் திறக்காமலே, "எழுதிப் போடன்" என்பாய். அந்தப் பத்து நிமிடம் போக, உன் கடிதங்களில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட எவரும் கண்டதில்லை.

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் நாலு வரி கேட்டார்கள். "அயராத உழைப்பாளி எண்டு போடுங்கோ மாமா" என்றான் உன் மூத்தவன். எல்லாருடைய மலரிலும் இருக்கும் வரி அது. எனக்குக் கை வரவில்லை. உன்னைக் கேட்கவும் ஏலாது. உன் மனைவியிடம் போய், "என்ன எழுத?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார், "ஆர் வாசலுக்கு வந்தாலும் இவர் அவயளை முதல்ல இருத்திப்போட்டுத்தான் பேரைக் கேக்கிறவர். அதை எழுதுங்கோ."

இத்தனை வருடம் உன் வீட்டுக்கு வந்து போனவன் நான். அதைக் கவனித்ததே இல்லை.

இப்போது அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களைப் பற்றி வருடாவருடம் அறிக்கை எழுதுவது நான்தான். புதிதாக வந்த ஒருவனைப் பற்றி மற்றவர்கள் எனக்கு நிறையச் சொல்லிவிட்டார்கள். தாளில் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. அவனைப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மேசைக்கு எதிரே ஒரு கதிரையும் போட்டு வைத்திருக்கிறேன்.